வாய்ப்பாடாகிவிட்ட பேச்சுகள்

(ஒரு கிராம வாசகசாலையின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



இவ்விழாவில் பேசும்படி என்னை அழைத்த தோழர்கள், "பாஷையைப் பற்றி ஏதாவது சொல்லுங்கள்" என்று கேட்டுக் கொண்டார்கள். நான் பண்டிதனல்ல, இலக்கணம் படித்துத் தேறியவனுமல்ல. ஆனால் பாஷையைப் பேசுகிறவன் என்கிற முறையிலும், அதைப் பேசியே ஏமாந்து போனவர்களில் ஒருவன் என்கிற முறையிலும் சில வார்த்தைகள் சொல்ல எனக்கும் உரிமையுண்டு என்று கருதுகிறேன். நான் சொல்வதை நீங்கள் அப்படியே ஒப்புக்கொள்ள வேண்டுமென்பதில்லை. வீட்டுக்குப் போய், நாளெல்லாம் உங்கள் வாயில் புழங்குகிற பேச்சை நீங்களே ஒருமுறை காது கொடுத்துக் கேட்டுப் பாருங்கள். நான் சொன்னது சரியென்று பட்டால் வைத்துக் கொள்ளுங்கள், இல்லையென்றால் தள்ளிவிடுங்கள்.

தோழர்களே! நாம் பேசுகிற பேச்சில் நாமாக யோசித்துச் சொல்லுவது எவ்வளவு, நமக்கு முன்னிருந்தவர்கள் சொல்லி வைத்ததைத் திருப்பிச் சொல்லுவது எவ்வளவு என்று கணக்குப் பார்த்தால் வெட்கமாகவே இருக்கும். கலியாண வீட்டுக்கு ஒரு பேச்சு, சாவு வீட்டுக்கு ஒரு பேச்சு, பிள்ளை பிறந்த வீட்டுக்கு ஒரு பேச்சு என்று தைத்து வைத்த சட்டையைப் போல எல்லாம் தயாராக இருக்கின்றன. நாம் எடுத்து மாட்டிக்கொண்டு போகிறோம். நம்முடைய உடம்புக்கு அளவெடுத்துத் தைத்ததா என்று பார்ப்பதில்லை.

இதையெல்லாம் ஒழித்துவிட வேண்டும் என்று சொல்ல நான் வரவில்லை. வாய்ப்பாடாகிவிட்ட பேச்சு சௌகரியமானதுதான். "போய் வருகிறேன்" என்பதையும், "சாப்பிட்டீர்களா?" என்பதையும் ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டுமானால் மனிதன் தெருவில் இறங்கவே முடியாது. ஆதலால் பேச்சு பழையதா புதியதா என்பதல்ல என் கேள்வி. அந்தப் பேச்சு நமக்கு வேலை செய்கிறதா, அல்லது நம்மை யோசிக்கவிடாமல் வைத்துக்கொண்டு வேறு யாருக்காவது வேலை செய்கிறதா என்பதே என் கேள்வி.

பதராகிப்போன சொற்கள்

நம் எதிரிகள் சிலர் நம்மைப் பரிகாசம் செய்வதுண்டு. "கடவுள் இல்லை என்று மேடையில் பேசுகிறீர்களே, காலில் முள் குத்தினால் 'ஐயோ, கடவுளே' என்றுதானே கத்துகிறீர்கள்?" என்பார்கள். நானும் கத்தியிருக்கிறேன். அதனால் கடவுள் உண்டு என்று ஆகிவிடுமா? "ஞாயிற்றுக்கிழமை" என்று சொல்லுகிறவனெல்லாம் சூரிய நமஸ்காரம் செய்கிறவனா? "சூரியன் உதித்தது" என்று பூகோள வாத்தியார்கூடச் சொல்லுகிறார். பூமிதான் சுற்றுகிறது என்பது அவருக்குத் தெரியாதா? கிரகணம் "பிடித்தது", "விட்டது" என்கிறோம். எந்தப் பாம்பு பிடித்தது, எந்தப் பாம்பு விட்டது? இவையெல்லாம் நெல் போய் நின்ற பதர். பதரைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை.

அதுமட்டுமல்ல. பாமர ஜனங்களின் வாய் நம் மேடைப் பேச்சைவிடக் கெட்டிக்காரத்தனமானது. ஒருவனை ஏமாற்றிப் பணம் பறித்துக்கொண்டால் "நாமம் போட்டுவிட்டான்" என்கிறார்கள். போட்ட முதல் போய்விட்டால் "கோவிந்தா" என்கிறார்கள். சிலர் "அரோகரா" என்கிறார்கள். உள்ளதையெல்லாம் சுருட்டிக் கொண்டால் "மொட்டை அடித்துவிட்டான்" என்கிறார்கள். இந்தச் சொற்களையெல்லாம் எந்த நாத்திகன் உண்டாக்கினான்? ஒருவனும் இல்லை. கோயிலுக்கும் திருவிழாவுக்கும் போய்க் காணிக்கை கொடுத்துத் திரும்பிய பக்தர்கள் தாங்களே உண்டாக்கிய சொற்கள் இவை. ஏமாற்றத்துக்கும் நஷ்டத்துக்கும் உவமை தேடிய ஜனங்களுக்கு வேறு இடம் கிடைக்கவில்லை போலும்! ஆகவே வழக்குச் சொற்களெல்லாம் மூடநம்பிக்கை என்று தள்ளிவிடக் கூடாது. அவற்றில் ஜனங்களின் அனுபவமும் இருக்கிறது.

நோய்க்குத் தாய் என்று பெயர்

ஆனால், ஆளைக் கொல்லுகிற பேச்சும் உண்டு. நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை. பெரியம்மையை எடுத்துக் கொள்ளுங்கள். நம் நாட்டில் அந்த நோய் வந்த வீட்டில் "நோய் வந்திருக்கிறது" என்று சொல்லமாட்டார்கள். "தாய் வந்திருக்கிறாள்", "அம்மா விளையாடுகிறாள்", "முத்துப் போட்டிருக்கிறாள்" என்றே சொல்லுவார்கள். கொப்புளத்துக்கு முத்து என்று பெயர்; குணமாவதற்கு முத்து இறங்குவது என்று பெயர்; குழந்தை செத்துப்போனால் "அம்மா கூட்டிக்கொண்டாள்" என்று பெயர்.

தோழர்களே! இந்தப் பேச்சு என்ன செய்தது என்று பாருங்கள். நோய் வந்தால் வைத்தியரைக் கூப்பிடலாம். தாய் வந்தால் வைத்தியரை எப்படிக் கூப்பிடுவது? நோயை விரட்டலாம், தாயை விரட்டலாமா? அம்மை குத்துகிறவர் தெருவில் வந்தால், தாய்க்குக் கோபம் வரும் என்று பிள்ளைகளைப் பரண் மேல் ஒளித்து வைத்த வீடுகள் உண்டு. வேப்பிலை கட்டியதையும், வெளியாரை வீட்டுக்குள் விடாததையும் நான் குறை சொல்லமாட்டேன். ஆளைத் தனியே வைத்தது நல்ல காரியமே. ஆனால் பெயர் வைத்தபோதே வழியை அடைத்துவிட்டார்கள்.

மாட்டம்மையின் பாலை எடுத்துக் குத்தினால் மனிதனுக்குப் பெரியம்மை வராது என்று இங்கிலாந்தில் ஜென்னர் என்கிற வைத்தியர் 1796ஆம் ஆண்டில் செய்து காட்டினார். 1802ஆம் ஆண்டிலேயே அந்த முறை இந்தியாவுக்கு வந்துவிட்டது. அப்படியிருந்தும் 1974ஆம் ஆண்டில்கூட பீகார் முதலிய வடக்குப் பிரதேசங்களில் ஆயிரக்கணக்கானவர்கள் இந்த நோயால் மாண்டார்கள். பிறகு அது எப்படி ஒழிந்தது? சுகாதார ஊழியர்கள் அம்மை வார்த்த குழந்தையின் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு வீடுவீடாகப் போய், "இந்த மாதிரி யாருக்காவது இருக்கிறதா?" என்று கேட்டார்கள். துப்புச் சொன்னவர்களுக்குப் பரிசு கொடுத்தார்கள். நோய் கண்ட வீட்டைச் சுற்றியிருந்தவர்களுக்கெல்லாம் அம்மை குத்தினார்கள். 1975ஆம் ஆண்டோடு இந்தியாவில் பெரியம்மை நின்றது. இயற்கையாகத் தொற்றிய கடைசி நோயாளி 1977ஆம் ஆண்டில் சோமாலியாவில் காணப்பட்டார். 1980ஆம் ஆண்டு மே மாதத்தில், உலகத்திலேயே பெரியம்மை இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்துவிட்டது.

இத்தனை ஆயிரம் வருஷம் கூழ் ஊற்றியும் போகாத "தாய்", ஊசி முனைக்குப் போய்விட்டாள். எப்போது போனாள்? நோய்க்கு நோய் என்று பெயர் சொல்லி, அது எந்த வீட்டில் இருக்கிறது என்று தேடியபோதுதான் போனாள். "யாரைக் கும்பிட வேண்டும்?" என்று கேட்க வைக்கிற பேச்சு ஒன்று, "என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்க வைக்கிற பேச்சு ஒன்று. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக் கொள்ளுங்கள்.

ஒரு சாவு வீடு

நிற்க, இது முடிந்துபோன பழங்கதை என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. போன வருஷம் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் சாவு நடந்தது. ஊரைச் சொல்ல வேண்டியதில்லை. முப்பது வயதுப் பையன். ஒரு கட்டிடத்தின் மலக்குழியைச் சுத்தம் செய்ய உள்ளே இறக்கினார்கள். இறங்கியவன் ஏறவில்லை. அந்தக் குழியில் இருக்கிற விஷவாயுவுக்கு முதலில் அழுகிய முட்டை நாற்றம் இருக்கும். வாயு அதிகமானால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. ஆபத்து நீங்கிவிட்டது என்று எண்ணுகிற அந்த நேரத்தில்தான் ஆள் விழுகிறான். இதைத் தெரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டாம். இறக்கியவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நான் போனபோது வாசலில் ஐம்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் ஒரே பேச்சைத்தான் சொன்னார்கள்: "விதி முடிஞ்சு போச்சு." ஒருவர் சொல்லிவிட்டு உட்காருவார்; அடுத்தவர் வந்து அதையே சொல்லுவார். தோழர்களே, உங்களிடம் மறைப்பானேன்? முப்பது வருஷமாக மேடையேறி விதியை மறுத்துப் பேசிய நானும், அந்தப் பையனின் தகப்பனார் கையைப் பிடித்துக்கொண்டு, "என்ன செய்யறது, விதி" என்றுதான் சொன்னேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

பக்கத்திலிருந்த ஒரு பெரியவரிடம் பிறகு என் வெட்கத்தைச் சொன்னேன். அவர், "விதின்னு சொல்லாம வேற என்னத்தைச் சொல்றது தம்பி? சும்மா உட்கார முடியுமா?" என்று கேட்டார். அவர் விதியை நம்புகிறவராகவும் தெரியவில்லை. அவரிடம் வேறு சொல் இல்லை, அவ்வளவுதான்.

சாயங்காலம் வேலை எடுத்தவரின் மேஸ்திரி ஒரு காகிதம் எழுதிக்கொண்டு வந்தார். கையெழுத்துப் போட்டால் செலவுக்குக் கொஞ்சம் பணம் கொடுத்து அனுப்பச் சொல்லியிருப்பதாகச் சொன்னார். அந்தக் காகிதத்தில், "எதிர்பாராத விதமாகத் தவறி விழுந்து இறந்துவிட்டார்" என்று எழுதியிருந்தது. இதுவும் ஒரு வாய்ப்பாடுதான். தினந்தோறும் பத்திரிகையில் பார்க்கிறோம். கூரை இடிந்தால் எதிர்பாராத விதமாக. பட்டாசுக் கொட்டகை வெடித்தால் எதிர்பாராத விதமாக. முற்றத்திலே "விதி" என்றார்கள். காகிதத்திலே "எதிர்பாராத விதமாக" என்றார்கள். இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்தன. காரியம் நடந்தது, செய்தவன் மட்டும் இல்லை!

செத்தவனுடைய மனைவி பத்தாவது வரை படித்தவள். காகிதத்தை வாங்கி மெதுவாகப் படித்துப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, "அவரு தவறி விழலண்ணே. கயிறு கட்டி எறக்குனாங்க. நாலு பேரு பார்த்திருக்காங்க" என்றாள். கையெழுத்துப் போடவில்லை.

தோழர்களே! அங்கே கூடியிருந்த ஐம்பது பேரில் யோசித்துப் பேசியது அந்தப் பெண் ஒருத்திதான். மறுநாள் கொடுத்த மனுவில், "பாதுகாப்புக் கருவி ஒன்றும் கொடுக்காமல் குழிக்குள் இறக்கப்பட்டு இறந்தார்" என்று எழுதினோம். இரண்டு வாக்கியத்துக்கும் உள்ள வித்தியாசம் என்னவென்று கேட்பீர்களானால் சொல்லுகிறேன். 2013ஆம் ஆண்டில் செய்யப்பட்ட சட்டப்படி, உரிய பாதுகாப்பு இல்லாமல் மனிதனை மலக்குழியில் இறக்குவது குற்றம். முதல் குற்றத்துக்கே இரண்டு வருஷம் வரை சிறையோ, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். சாக்கடைக் குழியில் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று 2014ஆம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிற்று. 2023ஆம் ஆண்டு அக்டோபரில் அதை 30 லட்சம் என்று உயர்த்திற்று. "தவறி விழுந்தார்" என்றால் இவற்றில் ஒன்றும் இல்லை. "இறக்கப்பட்டார்" என்றால்தான், "இறக்கியது யார்?" என்கிற கேள்வி பிறக்கிறது. அந்தப் பெண்ணின் வழக்கு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. முடிவு என்ன ஆகுமோ, எனக்குத் தெரியாது. ஆனால் அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால் வழக்கே இருந்திருக்காது என்பது தெரியும்.

இன்னொன்றையும் பாருங்கள். நம் பாஷையில் "விதி" என்கிற சொல்லுக்கு இரண்டு அர்த்தம் உண்டு. தலையெழுத்துக்கும் விதி என்று பெயர். சட்டத்தின் ஏற்பாட்டுக்கும் விதி என்று பெயர். அந்தப் பையனுடைய விதி முடியவில்லை, தோழர்களே! சர்க்கார் விதி மீறப்பட்டது. முதல் விதியைச் சொல்லிக் கொண்டிருக்கிறவரையில் இரண்டாவது விதியை யாரும் கேட்கமாட்டார்கள். எந்தச் சாதியில் பிறந்தவர்களை அந்தக் குழியில் இறக்குகிறார்கள் என்பதையும் கவனியுங்கள். பங்களாவில் இருக்கிறவன் வீட்டில் விதி ஏன் மலக்குழி வழியாக வருவதில்லை?

அதே வீட்டில் இன்னொரு சொல்

அன்று ராத்திரியே அந்த வீட்டில் இன்னொரு வாய்ப்பாடும் புறப்பட்டது. காலையில் "மகராசி" என்று கூப்பிட்ட பாட்டிமார்கள், தாலியை எந்த நாளில் எடுப்பது என்று பேசத் தொடங்கினார்கள். "அறுத்தவள்" என்கிற சொல்லை நானே என் காதால் கேட்டேன். அவள் எதை அறுத்தாள்? அறுக்கிறவர்கள் இவர்கள், பெயர் அவளுக்கு! புருஷனைக் குழியில் இறக்கியவனுக்கு "எதிர்பாராத விதமாக" என்கிற மெத்தை. ஒரு பாவமும் அறியாத பெண்ணுக்கு "அறுத்தவள்" என்கிற முள். ஒரே சாவுக்கு இரண்டு பேச்சு. ஒன்று குற்றவாளியைக் காப்பாற்றுகிறது, மற்றொன்று குற்றமற்றவளைத் தண்டிக்கிறது.

பெண்டாட்டி செத்த ஆணுக்கு இப்படி ஒரு பெயர் உண்டா என்று தேடிப் பாருங்கள். பண்டிதர்களைக் கேட்டால் "தபுதாரன்" என்று பழைய இலக்கணத்தில் இருந்து ஒன்றை எடுத்துக் கொடுப்பார்கள். அந்தச் சொல்லைச் சொல்லி எவனையாவது யாராவது வைதது உண்டா? எதிரே வந்தால் சகுனத் தடை என்று ஒதுங்கியது உண்டா? அவனுக்குக் காரியம் முடிவதற்குள் "இரண்டாந்தாரம்" பார்க்கத் தொடங்குகிறார்கள். புருஷன் தள்ளி வைத்தால் பெண்ணுக்கு "வாழாவெட்டி" என்று பெயர். தள்ளி வைத்தவனுக்கு ஒரு பெயரும் இல்லை. பெண்ணுக்குக் கலியாணம் செய்தால் "கரையேற்றிவிட்டேன்" என்கிறான் தகப்பன். அதுவரை அவள் எந்த ஆற்றில் முழுகிக்கொண்டிருந்தாள்? விதவைகள் மறுமணம் செய்துகொள்ளலாம் என்று சட்டம் வந்தது 1856ஆம் ஆண்டில். சட்டம் வந்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் நம் வாய் இன்னும் அந்தச் சட்டத்துக்கு வந்து சேரவில்லை.

மாற்ற முடியுமா?

"பழகிப்போன பேச்சை எப்படி ஐயா மாற்றுவது?" என்று சிலர் கேட்கலாம். மாற்றியிருக்கிறோம். நம் பாட்டன்மார் காலத்தில் கடிதம் எழுதினால் "மகாராஜராஜஸ்ரீ" என்று ஆரம்பிப்பார்கள். சாப்பாட்டுக்கு வழியில்லாதவனும் மகாராஜராஜஸ்ரீதான்! இன்று "திரு" என்கிறோம். யாருக்கும் கௌரவம் குறைந்துவிடவில்லை. "அக்கிராசனாதிபதி" போய்த் "தலைவர்" வந்தார். "நமஸ்காரம்" போய் "வணக்கம்" வந்தது. "விவாஹ சுபமுகூர்த்தப் பத்திரிகை" போய்த் "திருமண அழைப்பிதழ்" வந்தது. 1929ஆம் ஆண்டில் செங்கற்பட்டு சுயமரியாதை மாநாட்டில் பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதை விட்டுவிடுவது என்று தீர்மானித்தார்கள். அன்று சிரித்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று பட்டமில்லாமல் பெயர் எழுதுகிறார்கள். புரோகிதன் சொல்லுகிற மந்திரம் இல்லாமல், "இவரை நான் துணையாக ஏற்கிறேன்" என்று ஆணும் பெண்ணும் தங்களுக்குத் தெரிந்த பாஷையில் சொல்லிக் கொண்டாலே கலியாணம் செல்லும் என்று 1967ஆம் ஆண்டில் சட்டமே வந்தது. ஒருவருக்கும் அர்த்தம் தெரியாத வாய்ப்பாடு போய், இருவருக்கும் அர்த்தம் தெரிந்த ஒரு வாக்கியம் வந்தது. இதைவிட வேறு அத்தாட்சி என்ன வேண்டும்?

ஆனால் ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். சொல்லை மாற்றினால் மாத்திரம் போதும் என்று நினைத்துவிடக் கூடாது. 1922ஆம் ஆண்டிலேயே சென்னை அரசாங்கம் இழிவான பழைய பெயர்களை விட்டு "ஆதிதிராவிடர்" என்று எழுத உத்தரவு போட்டது. பெயர் மாறியது நல்லதே. ஆனால் சேரி இருந்த இடத்திலேயே இருந்தது. கிணறும் தனியாகவே இருந்தது. மலக்குழியில் இறங்குகிறவனுக்கு "துப்புரவுப் பணியாளர்" என்றும் "தூய்மைப் பணியாளர்" என்றும் ஒன்றன்பின் ஒன்றாக அழகான பெயர் வைக்கிறோம். குழி அதே குழிதான். கெட்ட பேச்சு கண்ணை மறைக்கும். அதை நீக்கினால் கண் தெரியும். கண் தெரிந்த பிறகு நடக்க வேண்டியது நம் கால்கள்தான்.

ஆகவே தோழர்களே! சாவு வீட்டுக்குப் போனால் ஆறுதல் சொல்ல வேண்டியது மனிதத்தன்மை. "விதி" என்று சொல்லாமல், "நாங்கள் இருக்கிறோம்" என்று சொல்லுங்கள். அது பொய்யாகாமல் பத்து நாள் கழித்தும் போய் நில்லுங்கள். "எப்படி இறந்தார்?" என்று கேளுங்கள். காகிதம் வந்தால் படித்துப் பாருங்கள்; படிக்கத் தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். அதில் காரியத்தைச் செய்தவன் பெயர் இருக்கிறதா என்று தேடுங்கள். இந்த வாசகசாலையில் பேப்பர் படிக்கிற பிள்ளைகள் இந்த ஒரு வேலையைக் கற்றுக்கொண்டால், நீங்கள் போட்ட கூரைக்கும் வாங்கிய மேஜைக்கும் பலன் கிடைத்தது என்று சொல்லுவேன்.

அன்று நான் "விதி" என்று சொன்ன அந்தத் தகப்பனாரிடம் பிறகு போய், "ஐயா, அன்று நான் சொன்னது தப்பு" என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர் ஒன்றும் பேசவில்லை. உட்காரச் சொல்லி, பேத்தியிடம் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். அந்தப் பெண்குழந்தை இப்போது இரண்டாவது வகுப்பில் படிக்கிறாள். "உன் அப்பாவுக்கு என்ன ஆயிற்று?" என்று நாளைக்கு யாராவது அவளைக் கேட்டால், "விதி" என்று சொல்லாமல் நடந்ததைச் சொல்லும்படி அவளை வளர்க்க வேண்டியது அவள் தாயின் கடமை மட்டுமல்ல, நம் எல்லோருடைய கடமையுமாகும்.